உப்பு, மிளகு, ஊர்க்கொடி: சேலத்து வேதக்கார ஊர்களில் ஆறு நாள்

முதல் நாள், ஜனவரி 12, ஞாயிறு: சேலம் டவுன்

சேலம் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்கள் இன்றும் கிறிஸ்தவர்களை "வேதக்காரங்க" என்றுதான் சொல்வார்கள். வேதக்காரத் தெரு, வேதக்காரக் கோயில், வேதக்காரர் காடு. இந்தப் பயணம் அந்தத் தெருக்களைப் பார்ப்பதற்காக. கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டால் ஊர் பிடிபடாது. ஆட்களின் பெயர், திருவிழா வரி, தேர் போகிற பாதை, கல்லறை ஆகியவற்றைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பொங்கல் வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. நான்காம் நாளில் சொல்கிறோம்.

1623 ஜனவரி 31 அன்று ரோமில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் ஓர் ஆணை பிறப்பித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் இவற்றை விடாமலே ஒருவர் கிறிஸ்தவராக இருக்கலாம் என்பது அதன் சாரம். மதுரையில் காவி கட்டி சந்நியாசியாக வாழ்ந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி என்ற தத்துவபோதகருக்காக எழுந்த வழக்கின் தீர்ப்பு அது. அதே ஆண்டில் அவர் மதுரையை விட்டு வடக்கே கிளம்பி, திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்து சேர்ந்தார். சேலத்துக் கத்தோலிக்க வரலாறு அங்கே தொடங்குகிறது. 1640 முதல் இயேசு சபையார் பண்டாரசாமி வேடத்திலும் வந்தார்கள். சந்நியாசி உடையில் இருந்தவர் எல்லாச் சாதித் தெருவுக்கும் போக முடியாது, பண்டாரத்துக்கு அந்தத் தடை இல்லை என்பதே காரணம். சாதிக்குத் தக்கபடி குருவையும் பிரித்த அந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் நீண்டது என்பதை ஐந்தாம் நாளில் பார்க்கலாம்.

1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1776 முதல் பாரிசு வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்கள் இந்தப் பகுதியைக் கவனித்தார்கள். அவர்கள் தலைமையிடம் புதுச்சேரி. சேலம் தனி மறைமாவட்டம் ஆனது 1930 மே 26 அன்று. முதல் ஆயர் ஹென்றி புரூனியே. நான்கு ரோடு குழந்தை இயேசு பேராலயம்தான் இன்று அதன் தலைமைக் கோயில்.

இன்னொரு கிளை, புராட்டஸ்டன்ட்டுகளின் லண்டன் மிஷன். 1827-ல் ஹென்றி கிரிஸ்ப் சேலத்தில் அதைத் தொடங்கினார். 1840-ல் வந்த லெக்லர், மதம் மாறியதால் பிழைப்பை இழந்தவர்களுக்குக் கைத்தொழில் வேண்டும் என்று தொழிற்பள்ளி நடத்தியவர். கோட்டைப் பக்கம் அவர் பெயரில் ஆலயம் இருக்கிறது. 1947 செப்டம்பர் 27 முதல் இவையெல்லாம் தென்னிந்தியத் திருச்சபை.

ஞாயிறு காலை இரண்டு இடத்துக்கும் போய்ப் பேச்சைக் கவனியுங்கள். பேராலயத்தில் கோயில், பூசை, சாமியார், செபம், உபதேசியார். கோட்டையில் சபை, ஆராதனை, ஐயர், ஜெபம், போதகர். ஒரே ஊர், ஒரே தமிழ், இரண்டு சொல்வரிசை. எண்பது வயதைத் தாண்டிய கத்தோலிக்கப் பாட்டிகள் செபமாலையில் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்பதற்குப் பதில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க" என்று பழைய வாய்ப்பாட்டைச் சொல்வதை இன்னும் கேட்கலாம். அதைச் சொல்லும் வேகத்தில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கேட்கக் கிடைத்தால் அனுமதி வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்னும் பத்து வருடத்தில் அந்த வாய்ப்பாடு எந்த வாயிலும் இருக்காது.

இரண்டாம் நாள், ஜனவரி 13, போகி: ஏற்காடு

சேலத்திலிருந்து கோரிமேடு வழியாக இருபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காரவும். ஜனவரியில் காலை ஒன்பது வரை மேலே பனிமூட்டம் இருக்கும், கல்வெட்டு படிக்க வெளிச்சம் போதாது. பத்து மணிக்கு மேல் போனால் போதும்.

சேர்வராயன் மலை, மலையாளி மக்களின் மலை. உச்சியில் சேர்வராயன் குகைக் கோயில், மே மாதம் திருவிழா. கிறிஸ்தவம் இங்கே காப்பியோடு ஏறி வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார், தோட்டங்கள் பெருகின, துரைமார்களுக்குக் கோயில் தேவைப்பட்டது. 1853-ல் எழுந்தது திரித்துவ ஆலயம். பிறகு பள்ளிகள். 1894-ல் குளூனி சபைக் கன்னியர்களின் திருஇருதய கான்வென்ட், 1917-ல் கபிரியேல் சபைச் சகோதரர்களின் மான்ட்போர்ட் பள்ளி. அதனால் ஏற்காட்டில் நீங்கள் பார்க்கிற பெரிய கட்டடங்கள் கிராமத்தைச் சேர்ந்தவை அல்ல. கிராமம், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் இருக்கிறது. சமவெளியிலிருந்து காப்பி பறிக்க ஏறி வந்த குடும்பங்கள், குகை போலக் கட்டிய ஒரு சின்னக் கெபி, அதில் ஒரு மாதா சுரூபம் (சிலை), முன்னால் ஒரு உண்டியல். தோட்டத்துப் பாதையில் கெபி எதிர்ப்பட்டால் பக்கத்தில் லயன் இருக்கும். இப்போது பழம் பறிக்கும் பருவம், பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் போங்கள்.

திரித்துவ ஆலயத்தில் பார்க்க வேண்டியது கல்லறைகளும் நினைவுப் பலகைகளும். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவரும், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், சென்னையில் 1855-ல் 'தினவர்த்தமானி' இதழைத் தொடங்கியவருமான பீட்டர் பெர்சிவல் தன் கடைசிக் காலத்தை ஏற்காட்டில் கழித்து, 1882-ல் இங்கேயே இறந்தார். அவருடைய மருமகன்தான் 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட். அவரும் ஏற்காட்டுக்காரராகவே வாழ்ந்தவர், நினைவுக் கல் இங்கே உண்டு. பழைய கற்காலக் கருவியைக் கண்டவரும், கிராமத்து வாய்ப்பேச்சைத் தாளில் ஏற்றியவரும் ஒரே குடும்பம் என்பது ஏற்காட்டுக்கு வருகிற பலருக்குத் தெரியாது. படகுத்துறையில் நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒருவராவது இங்கே ஒரு நடை வந்து போகலாம்.

எழுத்து மங்கிய கல்லைப் படிக்கச் சுண்ணாம்புக் கட்டி தேய்க்காதீர்கள், பாசியைச் சுரண்டாதீர்கள். இந்த மலையின் கல் கடினமான கருங்கல்தான், ஆனாலும் சுரண்டலில் செதுக்கலின் விளிம்பு உடையும். ஒரு கை டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானே எழும். இருவராகப் போனால் ஒருவர் குடையால் வெயிலை மறைக்க, மற்றவர் டார்ச் பிடிக்கலாம்.

தமிழ்க் கல்லுக்குத் தேதி போடாவிட்டாலும் காலம் சொல்ல ஒரு வழி உண்டு. 'லை', 'னை', 'ணை' போன்ற எழுத்துகளில் யானைத் தும்பிக்கை போலக் கொம்பு சுருண்டிருந்தால் அது பெரும்பாலும் 1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வெட்டியது. 'றா', 'னா' ஆகியவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழிந்திருந்தாலும் அப்படியே. வாசகமும் சபையைச் சொல்லிவிடும். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றால் சீர்திருத்த சபை. "நித்திய இளைப்பாற்றி" என்றோ, மேலே "இயேசு மரி சூசை" என்றோ இருந்தால் கத்தோலிக்கர்.

மூன்றாம் நாள், ஜனவரி 14, பொங்கல்: பண்ணவாடி

சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர். அங்கிருந்து கொளத்தூர், பிறகு பண்ணவாடி. பொங்கலன்று டவுன் பஸ் குறைவு, கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே பார்க்க வந்தது நாயம்பாடி கோயிலை. இன்று அது கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று தெரிந்துதான் வந்தோம். பரிசல் துறையில் நின்றால் எதிரே நாகமரைக் கரை வரைக்கும் தண்ணீர், அதன் அடியில் ஒரு வேதக்கார ஊர்.

மேட்டூர் அணை வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. 1934 ஆகஸ்ட் 21 அன்று திறந்து, அப்போதைய ஆளுநர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் வைத்தார்கள். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 120 அடி. தஞ்சைக்குத் தண்ணீர் உறுதியானது. அதற்கு விலையாக ஆற்றங்கரை ஊர்கள் வீடு, வயல், கிணறு, கோயில் அத்தனையோடும் உள்ளே போயின. நாயம்பாடியின் இரட்டைக் கோபுரக் கிறிஸ்தவ ஆலயமும், பண்ணவாடி ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அதன் பெரிய நந்தியும் அப்படிப் போனவை. மக்கள் மேட்டு நிலங்களுக்கு ஏறினார்கள். தெய்வங்களை அங்கே புதிதாக நிறுவிக்கொண்டார்கள். பழைய கட்டடங்களை யாரும் இடிக்கவில்லை, அதனால்தான் இன்று அவை நமக்கு மிச்சம்.

நீர்மட்டம் சுமார் எண்பது அடிக்குக் கீழே இறங்கும்போது கோபுரங்களின் முனை தெரியத் தொடங்கும். எழுபதுக்குக் கீழே நந்தியின் தலை. அணையின் நீர்மட்டம் தினமும் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வருகிறது. அறுபதைத் தொட்ட செய்தி வந்தால் கிளம்பலாம். பெரும்பாலும் கோடையில், அதுவும் மழை பொய்த்த வருடங்களில்தான் அந்த வாய்ப்பு. காத்திருந்து போகலாம் என்று நினைக்கக் கூடாது. 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஐம்பது அடிக்கும் கீழே கிடந்த நீர், கர்நாடகத்து மழையில் அதே மாதம் 30-ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. கோபுரம் வெளியே இருந்தது ஒரு வாரம், மறு வாரம் அதன் மேல் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பல மடங்கு தண்ணீர்.

வெளியே தெரியும் காலத்தில் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, நேராக நடப்பது. வண்டல் மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும், கீழே முழங்கால் வரை களி. மாட்டுத் தடமும் பரிசல்காரர்களின் கால் தடமும் உள்ள வழியில் மட்டும் நடங்கள். மீன் வலைகள் களியில் புதைந்து கிடக்கும், கால் சிக்கினால் இழுக்காமல் உட்கார்ந்து அறுத்து எடுக்க வேண்டும். பரிசலில் போவதானால் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் காற்று எழும்பி அலை அடிக்கும், காலையிலேயே போய் வருவது நல்லது.

கோபுரத்தின் மேல் ஏறாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் எப்போதும் நீருக்குள் கிடந்தால் தாங்கும். ஏறி இறங்குகிற நீரும் நடுவில் காய்ச்சுகிற வெயிலும்தான் காரையை உதிர்க்கிறது. அப்படி இளகிப்போன சுவரில் ஒரு ஆள் ஏறினால் ஒரு வரிசைக் கல் போகும். தொண்ணூறு வருடம் தண்ணீர் செய்யாத சேதத்தை ஒரு செல்ஃபி செய்துவிடுகிறது.

கரையில் நிற்கிறவர்கள் நந்தியையும் கோபுரத்தையும் சேர்த்தேதான் சொல்கிறார்கள். "கோயில் ரெண்டும் உள்ளதான் இருக்குதுங்க, தண்ணி வத்துனா எங்களுக்கு வெவசாயம் இல்ல, ஆனா சாமியப் பாக்கலாம்" என்றார் பரிசல் துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். கட்டடம் மூழ்கிய பிறகு ஊர் எதில் இருக்கிறது என்ற கேள்வியோடு அடுத்த மூன்று நாள்.

நான்காம் நாள், ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்: வனத்துச் சின்னப்பர்

இன்றிலிருந்து தங்குவது மேச்சேரிக்கும் ஓமலூருக்கும் இடையில் ஒரு சமவெளிக் கிராமம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. நாளை எழுதப்போகிற சில விஷயங்கள் மாவட்டத்தின் பல ஊர்களுக்குப் பொருந்தும், ஒரே ஊரைச் சுட்டுவது நியாயமில்லை.

முதலில் பெயர்கள். இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை, சவரிமுத்து, சந்தியாகு, சிங்கராயன், செல்வநாயகி, மதலைமேரி, அடைக்கலமேரி. ஐரோப்பியப் பெயரை ஒலிபெயர்க்காமல் பொருளைத் தமிழாக்கிய காலத்தின் மிச்சம் இவற்றில் சில. பவுல் என்பதற்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் ஆண்டவரின் அருள், ஆகவே அருளப்பர். பேதுரு என்றால் பாறை, தெலுங்கில் ராயி என்றால் கல், ஆகவே இராயப்பர் என்பார்கள். சவேரியார் சவரி ஆனதும், சந்தியாகோ சந்தியாகப்பர் ஆனதும் ஒலியின் வழி. ஒரு வீட்டில் தாத்தா சின்னப்பன், அப்பா பால்ராஜ், பேரன் பால் ஆல்வின். மூன்று பேரும் ஒரே புனிதரின் பெயர் தாங்கியவர்கள். பேரனுக்கு அது தெரியாமல் போவதுதான் வருத்தம்.

திருவிழா இன்று ஏன்? பழைய நாள்காட்டியில் ஜனவரி 15 வனத்துச் சின்னப்பர் திருநாள், 17 வனத்து அந்தோணியார் திருநாள். இருவரும் எகிப்தின் பாலைவனத்தில் தவம் இருந்தவர்கள். அப்போஸ்தலர் சின்னப்பரிலிருந்தும் பதுவை அந்தோணியாரிலிருந்தும் பிரித்துக் காட்டத்தான் "வனத்து". அந்தோணியார் ஆடுமாடுகளின் காவலர். தை பிறந்து மாடு குளிப்பாட்டும் நாளையொட்டியே இவர்கள் திருநாள்களும் விழுந்தன. தமிழ் உழவனுக்கு அதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்! சுரூபத்தில் அடையாளம் காண்பது எளிது. ஓலை உடை, அலகில் ரொட்டியோடு ஒரு காக்கை இருந்தால் சின்னப்பர். காலடியில் பன்றி, கையில் மணியும் தடியும் இருந்தால் வனத்து அந்தோணியார். குழந்தை இயேசுவைத் தூக்கியிருந்தால் அது பதுவை அந்தோணியார், அவருக்கு ஜூன் 13.

விடியற்காலை ஐந்து மணிக்கே கோயில் முன் வரிசையாக அடுப்பு. மூன்று கல், விறகு, புது மண்பானை. ஒரு கிலோ பச்சரிசிக்குக் கால் கிலோ பாசிப்பருப்பு, ஐந்து பங்கு தண்ணீர், ஒன்றேகால் கிலோ வெல்லம். முதல் முறை செய்கிறவர்கள் தவறுவது வெல்லம் போடும் நேரத்தில். அரிசியை விரலால் நசுக்கினால் முழுக்க மசிய வேண்டும், அதற்கு முன் வெல்லம் விழுந்தால் அரிசி அதோடு வேகாமல் நின்றுவிடும், எவ்வளவு எரித்தாலும் நடுவில் விறைப்பு இருக்கும். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டித்தான் ஊற்றுகிறார்கள், மண் கடிபடாமல் இருக்க. சேலத்துக்காரர்களுக்குச் செவ்வாய்ப்பேட்டை மண்டி வெல்லம் பக்கத்திலேயே கிடைக்கும். வெள்ளை வெளேரென்று பளபளப்பதை வாங்காதீர்கள், அது ரசாயனம் போட்டு வெளுத்தது. கறுத்த வெல்லத்தில்தான் மணம்.

பால் பொங்கும்போது குலவை. "பொங்கலோ பொங்கல்" என்ற கூவலுக்குப் பின்னாலேயே "சின்னப்பரே வாழ்க". பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து, வாசலில் சுண்ணாம்புக் கோலத்தின் நடுவில் சிலுவை. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது போல எதுவும் தோன்றாது.

பூசை முடிந்ததும் மாடுகள் வரும். கொம்புக்கு வண்ணம், கழுத்தில் நெட்டி மாலை. சாமியார் உப்பை மந்திரித்து, தீர்த்தம் தெளிப்பார். மந்திரித்த உப்பைக் கையில் வைத்து மாட்டுக்கு நக்கக் கொடுப்பார்கள். கூட்டத்தில் மிரளாமல் இருக்கக் காளைகளைக் கடைசியில் விட வேண்டும், வெடி வெடிப்பதை மாடு வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் இதில் கண்டிப்பு. சாமியாரை எதிர்ப்படும் கிழவர்கள் கைகூப்பி "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்கிறார்கள், "ஆசீர்வாதம்" என்று பதில் வருகிறது.

ஐந்தாம் நாள், ஜனவரி 16: தேர்

சுவரொட்டியில் "ஆடம்பரத் தேர் பவனி" என்று இருக்கும். ஒன்பது நாள் நவநாள் முடிந்து இன்று இரவு தேர்.

காலை நான்கு மணிக்கே சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு ஆள் போய்விட வேண்டும். மார்கழி, தைப் பனியில் மல்லிகை வரத்து சுருங்கி விலை ஏறிக் கிடக்கும், அதில் கைவைக்காதீர்கள். பனமரத்துப்பட்டி அரளி, சம்பங்கி, செவ்வந்தி இவற்றால் தேரை நிறைத்து, சுரூபத்தின் கழுத்துக்கு மட்டும் ஒரு மல்லிகை மாலை. அரளி ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் மாலைக்குள் கறுத்துவிடும். மூங்கில் தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட்டுக் கட்ட வேண்டும்.

சுரூபத்தை இறக்குவது, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியாரின் பொறுப்பு. பழைய மரச் சுரூபமானால் அடியில் கரையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும், பொத்தென்ற சத்தம் வந்தால் தேரில் ஏற்றாதீர்கள். பிளாஸ்டர் சுரூபமானால் ஈரத் துணியே ஆகாது, உலர்ந்த துணியால் தூசு தட்டினால் போதும். ஈரம் உள்ளே இறங்கி வண்ணம் பொருக்குப் பொருக்காக எழும்பும். பீடத்தில் நிறுத்தி, இடுப்பில் துணி சுற்றி, அதன் மேல் கயிறு கட்டி நான்கு மூலைக்கும் இழுக்க வேண்டும். கயிறு நேராகச் சுரூபத்தில் பட்டால் அறுக்கும்.

இந்த ஊரில் தோளில் தூக்கும் சப்பரம். இரண்டு தண்டு மரம், ஒரு மரத்துக்கு முன்னால் நால்வர், பின்னால் நால்வர், ஆக பதினாறு பேர், மாற்றுக்கு இன்னொரு பதினாறு. ஒரே உயரத்து ஆட்களாக எடுப்பார்கள். மேட்டில் ஏறும்போது குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். இறக்கத்தில் தலைகீழ். திருப்பத்தில் உள்பக்கத்துக்காரர்கள் நின்ற இடத்திலேயே கால் மாற்ற, வெளிப்பக்கத்துக்காரர்கள் சுற்றி வர வேண்டும். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, "உள்ள நில்லு, வெளிய வா" என்ற ஒரு குரல் போதும்.

மின்கம்பி விஷயத்தில் கெஞ்சியாவது சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் தேர் கம்பியில் பட்டுப் பதினோரு பேர் போனார்கள். எந்தச் சாமி தேரானாலும் கம்பிக்கு ஒன்றுதான். தேர் உயரத்தோடு தூக்குகிறவர் தோள் உயரத்தையும் கூட்டி, அதற்கு மேல் உச்சியின் சிலுவை, விளக்குக் கம்பம் எல்லாம் சேர்த்து அளந்து, பாதையிலுள்ள மிகத் தாழ்ந்த கம்பியோடு பகலிலேயே ஒப்பிட வேண்டும். கம்பியின் உயரத்தை எட்ட நின்று மதிப்பிட லைன்மேனைக் கூப்பிடுங்கள், மூங்கிலால் அளக்கப் போகாதீர்கள். தேர் நகரும் நேரத்தை மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து அந்த லைனை நிறுத்தச் செய்யுங்கள். சாலை போன வருடத்துக்குப் பிறகு உயர்த்திப் போடப்பட்டிருந்தால் பழைய அளவு செல்லாது. அரை அடி போதும் விபத்துக்கு.

தேர் வாசலுக்கு வரும்போது வீட்டார் உப்பும் மிளகும் வீசுவார்கள். கல்லுப்பு ஒரு கை, மிளகு ஒரு கை. நோய் கரையட்டும் என்று உப்பு, நோவு சிதறட்டும் என்று மிளகு. கும்பிடுகிறவர்கள் தேரின் அடியில் குனிந்து நுழைந்து மறுபக்கம் வருவார்கள். கைக்குழந்தையைத் தூக்கிச் சுரூபத்தின் காலில் படவைப்பார்கள். தரையில் மிளகு உருளும், வெறுங்காலில் தூக்குகிறவர்களுக்கு வழுக்கும். அதற்காகவே தேருக்கு முன்னால் தென்னை விளக்குமாற்றோடு இருவர் பெருக்கிக்கொண்டே போகிறார்கள். அவர்களைப் படம் எடுப்பவர் யாரும் இல்லை, அவர்கள் இல்லாமல் தேர் பத்து அடி நகராது. உப்பு பட்ட பித்தளையை மறுநாளே புளி போட்டுக் கழுவாவிட்டால் பச்சை பூக்கும்.

இப்போது பாதை. வருகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இதைத்தான். தேர் எந்தத் தெருவுக்குள் போகிறது, எந்தத் தெருமுனையில் நின்று திரும்புகிறது. மேல்தெரு வழியாகச் சுற்றிவிட்டுக் கீழ்த்தெரு முனையில் நின்று ஆசீர் கொடுத்துத் திரும்புகிற ஊர்கள் உண்டு. கல்லறையில் நடுவே சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. தலித் கிறிஸ்தவர்களுக்கு ஊருக்கு வெளியேயும் இதே கதை. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதிக்குள் வரவில்லை, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஊருக்குள் சாதி உண்டு, தாசில்தார் அலுவலகத்தில் இல்லை. பாதை பற்றிய தகராறில் தேரே நின்றுபோன வருடங்கள் பல ஊர்களின் நினைவில் இருக்கின்றன. நோபிலியும் பண்டாரசாமிகளும் இரண்டு உடை உடுத்தியது ஊருக்குள் நுழைய வழியானது. அந்தப் பிரிவை நானூறு வருடம் கழித்தும் தெருவில் வைத்திருப்பது பாவம் என்றே எங்கள் எண்ணம்.

இந்த ஊரில் தேர் கீழ்த்தெருவுக்குள்ளும் போனது. தெரு குறுகல், கூரைகள் தாழ்வு. இரண்டு பக்கமும் கூரை வாரையில் உரசாமல் இருக்கச் சப்பரத்தின் சிறகுப் பலகைகளைக் கழற்றிவிட்டு, மின்விளக்கில்லாமல், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நுழைந்தார்கள். அந்தத் தெருவில் விழுந்த உப்பு மிளகு மற்ற எல்லாத் தெருவையும்விட அதிகம்.

ஆறாம் நாள், ஜனவரி 17, வனத்து அந்தோணியார்: கொடியிறக்கம்

காலைப் பூசை, பிறகு கறி விருந்து. வெளியூரிலிருந்து ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வந்து நிறையும். வீட்டுக்கு வீடு பத்து கிலோ அரிசிக்குப் பத்து கிலோ கறி என்று எடுத்து எண்பது பேருக்குக் கணக்கு வைக்கிறார்கள். மதம் பார்த்துப் பந்தி போடுவதில்லை, மாரியம்மன் பண்டிகைக்கு இவர்கள் அங்கே போய்ச் சாப்பிட்டவர்கள்தான்.

மதியம் கல்லறை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக இருக்கிறது. புதைத்து ஒரு வருடம் ஆகாத மேட்டுக்குச் சிமெண்ட் போடக் கூடாது, மண் அமுங்கும்போது பலகை பிளக்கும். அவசரப்பட்டுப் போட்டு நடுவில் விரிந்த கல்லறைகள் இங்கேயே நான்கைந்து.

தவக்காலத்துக்கு வர விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சாம்பல் புதனுக்கான சாம்பல், போன வருடக் குருத்தோலையை எரித்தது. ஓலைகளைச் சிலுவைப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள், உபதேசியார் வீடு வீடாக வாங்குவார். எரித்து, மெல்லிய துணியில் சலித்து, உலர்வாகவே வைக்க வேண்டும். ஒட்டட்டும் என்று தண்ணீர் விட்டுக் குழைத்தால் சாம்பலின் காரம் ஏறி நெற்றி எரியும், பிள்ளைகளுக்குத் தோல் சிவக்கும். பெரிய வியாழன் இரவு முதல் பாஸ்கா (ஈஸ்டர்) வரை மணி அடிக்காது, மரத்தட்டு தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஊர் சிலுவைப்பாதைக்குக் கிளம்பும்.

சாயங்காலம் கொடியிறக்கம். ஏற்றும்போது கொடியை மடித்து, உள்ளே பூவிதழ் வைத்து, உருவுமுடிச்சு போட்டுக் கட்டியிருப்பார்கள். உச்சிக்குப் போனதும் இழுத்தால் விரிந்து பூ கொட்ட வேண்டும். விரியாவிட்டால் ஊர் சகுனம் பார்க்கும். பூ அதிகம் வைத்தால் முடிச்சு இறுகும், ஒரு கைப்பிடிக்கு மேல் வைக்கக் கூடாது. நைலான் கயிறு வழுக்கும் என்பதால் பருத்திக் கயிறு, வருடா வருடம் புதிது.

இறக்கிய கொடியை இரண்டு பேர் விரித்துப் பிடித்து, வேப்பிலை வைத்து மடித்து, துணிப்பெட்டிக்குள் வைத்தார்கள். பிறகு கோயில் வாசலிலேயே பாய் விரித்துக் கணக்கு. தலைக்கட்டு வரி இவ்வளவு, கைம்பெண் வீட்டுக்குப் பாதி, பந்தலுக்கு இவ்வளவு, பேண்டுக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு என்று உபதேசியார் நோட்டைப் பார்த்து உரக்கப் படிக்க, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி ஒவ்வொரு வரிக்கும் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். பூக் கணக்கில் நிறுத்தினார்.

"அரளி எத்தன கிலோன்னு சொல்லுலே சின்னப்பா."

"எட்டுங்க ஆத்தா."

"போன வருசமும் எட்டுதான். கீழத்தெருவுக்குள்ள போறப்ப சரம் பத்தல. அடுத்த வருசத்துக்குப் பத்துன்னு எழுது."

எழுதினார்.